ஆற்றல் அழியாது என்றால், ஆற்றல் நெருக்கடியில் தீர்ந்துபோவது எது?

இயற்பியல்_மாணவி:

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று வெப்ப இயக்கவியலின் முதல் விதி சொல்கிறது. அப்படியானால் நெருக்கடியில் குறைவது எது? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 1973 எண்ணெய்த் தடை, 2012 இந்திய மின்தடை, 2021 டெக்சஸ் மின்வெட்டு, 2022 ஐரோப்பிய எரிவாயு விலை, அதே ஆண்டின் இலங்கை நிலைமை, எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். எல்லாம் ஒரே நோய்தானா? கருத்தரங்குக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். "வளம் குறைகிறது, சிக்கனம் தேவை" என்று எழுதி முடித்துவிட மனமில்லை. கணக்கோடு விளக்கினால் நன்றி.

வெப்பச்சுழல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குறைவது ஆற்றலின் தரம்.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 1.74 யூனிட் மின்சாரம் ஆகும். சூடான பிறகு அந்த 1.74 யூனிட்டும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் சுற்றுப்புறம் 25 டிகிரியில் இருக்கும்போது, உராய்வே இல்லாத இலட்சிய எந்திரத்தை வைத்தாலும் அதிலிருந்து திரும்பப் பெறக்கூடிய வேலை ஏறத்தாழ 0.04 யூனிட்தான். மீதியை எந்தப் பொறியாளராலும் மீட்க முடியாது, இரண்டாம் விதி தடுக்கிறது. வேலையாக மாற்றக்கூடிய இந்தப் பகுதிக்கு எக்சர்ஜி என்று பெயர். நிலக்கரி, அணையில் உயரத்தில் நிற்கும் நீர், சார்ஜ் ஏறிய பேட்டரி எல்லாம் எக்சர்ஜி மிகுந்தவை. நாம் செலவழிப்பதும் அதைத்தான்.

இதில் நடைமுறைப் பயன் உண்டு. அதே வெந்நீரை ஹீட் பம்ப் மூலம் தயாரித்தால் 0.5 யூனிட் மின்சாரம் போதும் (செயல்திறன் எண் 3.5, அதாவது 1 யூனிட் மின்சாரத்துக்கு 3.5 யூனிட் வெப்பம் என்று கொண்டால்). மீதி வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து வருகிறது. 40 டிகிரி தேவைக்காக ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சுடரை எரிப்பதுதான் பெரிய வீணடிப்பு. கட்டுரையில் இந்தக் கணக்கை அவசியம் சேருங்கள். "ஆற்றல் தீர்கிறது" என்ற வாக்கியத்தைவிட இது பலமடங்கு சரியானது.

சுமைவளைவு:

மேலே சொன்னது சரி. ஆனால் 2012-ஐயும் டெக்சஸையும் எக்சர்ஜி கணக்கால் விளக்க முடியாது. அங்கே குறைந்தது வீதம், அதாவது மெகாவாட். யூனிட் என்பது மொத்த அளவு. யூனிட்டையும் மெகாவாட்டையும் குழப்புவதுதான் செய்திகளில் அடிக்கடி காணும் பிழை.

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். தேவை கூடினால் முதலில் சுழலும் ஜெனரேட்டர்களின் இயக்க ஆற்றல் ஈடுகட்டும். அது முழுத்திறனில் 2 முதல் 6 நொடிக்கான அளவுதான். சுழற்சி மந்தமாகும்போது அதிர்வெண் இறங்கும். மிகவும் இறங்கினால் டர்பைனின் கடைசி வரிசைத் தகடுகள் ஒத்ததிர்வில் சேதமடையும் என்பதால் நிலையங்கள் தம்மைத்தாமே துண்டித்துக்கொள்ளும். அதனால் பற்றாக்குறை இன்னும் கூடும், சரிவு சங்கிலியாகத் தொடரும்.

2021 பிப்ரவரி 15 அதிகாலையில் டெக்சஸின் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் 59.3 வரை இறங்கியது. 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நீடித்திருந்தால் ஜெனரேட்டர்கள் கட்டமைப்பிலிருந்து கழன்றுபோயிருக்கும். 4 நிமிடம் 23 நொடியில் மீட்டார்கள். உச்சத்தில் 20,000 மெகாவாட் சுமையை வெட்ட வேண்டியிருந்தது. அங்கே நிலத்தடியில் எரிவாயுவுக்குப் பஞ்சமில்லை. கடுங்குளிரில் எரிவாயுக் கிணற்று முகப்புகளும் நிலையங்களின் கருவிக் குழாய்களும் உறைந்துபோயின. அதைவிட மோசமானது, எரிவாயுவைத் தள்ளும் கம்ப்ரசர்கள் சில மின்வெட்டுப் பட்டியலில் இருந்தன. அவற்றின் மின்சாரத்தைத் துண்டித்ததும் மின்நிலையங்களுக்கு வரும் எரிவாயு மேலும் குறைந்தது. எந்த ஃபீடரில் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பாதை) என்ன இருக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே சரிபார்ப்பது செலவில்லாத வேலை, அதைச் செய்யத் தவறியதற்கு மக்கள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

2012 ஜூலை 30-இல் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் அளவுக்கு மீறிய சுமை ஓடியது. அந்தச் சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு ரிலே பாதையைத் துண்டித்தது, வடக்குக் கட்டமைப்பு விழுந்தது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. பாதிக்கப்பட்ட பகுதியில் 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். எரிபொருள் இருந்தும் இருள்தான். அனல்நிலையத்தைத் திரும்ப எழுப்பவே அதன் திறனில் 6 முதல் 8 சதவீதம் மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் முதலில் நீர்மின் நிலையத்தை ஓடவிட்டு, அங்கிருந்து பாதை பாதையாக உயிரூட்டுவார்கள்.

இயற்பியல்_மாணவி:

மெகாவாட் பற்றாக்குறை, யூனிட் பற்றாக்குறை வேறுபாடு புரிந்தது. சுழற்சி முறையில் மின்வெட்டு விட்டால் எரிபொருளும் மிச்சமாகும்தானே? இரண்டுக்கும் ஒரே மருந்து என்று சொல்லலாமா?

சுமைவளைவு:

சொல்லக் கூடாது. மின்வெட்டு அந்த நேரத்து மெகாவாட்டைக் குறைக்கும், யூனிட்டை அவ்வளவாகக் குறைக்காது. வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரிலிருந்து 1 யூனிட் எடுத்தால், ஈய அமில பேட்டரியில் அதைத் திரும்ப ஏற்ற 1.4 யூனிட் வரை ஆகும். பம்புகளும் ஏசிகளும் மின்சாரம் வந்ததும் விட்ட வேலையை ஒன்றாகத் தொடங்கும். ஆகவே ஃபீடரை மீண்டும் இணைக்கும்போது சுமை வழக்கத்தைப்போல் இருமடங்கு வரை எழும். எல்லா ஃபீடரையும் ஒரே நேரத்தில் போட்டால் மறுபடி டிரிப் ஆகும்.

மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தால் ஹீட்டர் சுமை 10 சதவீதம் இறங்குவதும் இப்படித்தான். தெர்மோஸ்டாட் இருந்தால் அது கூடுதல் நேரம் ஓடி ஈடுகட்டிவிடும்.

100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி பேட்டரி மாலை உச்சத்தை 4 மணி நேரம் தாங்கும். மழை பொய்த்து அணை வற்றிய ஆண்டில் அதனால் பயனில்லை. 1 கனமீட்டர் நீர் 400 மீட்டர் இறங்கினால் கிடைப்பது ஏறத்தாழ 1 யூனிட். இல்லாத நீருக்குப் பேட்டரி ஈடாகாது.

கையிருப்பு_நாள்:

நெருக்கடி என்ற சொல்லுக்கு அளவுகோல் வேண்டுமென்றால் இரண்டு காலங்களை ஒப்பிடுங்கள்: கையிருப்பு எத்தனை நாள் வரும், மாற்று வந்துசேர எத்தனை நாள் ஆகும். முதலாவது இரண்டாவதைவிடக் குறைந்தால் நெருக்கடி. இல்லையென்றால் அது வெறும் தட்டுப்பாடு.

1 கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் நிலக்கரி, 35 சதவீதத் திறனுள்ள நிலையம் என்று கொள்வோம். 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.61 கிலோ. 1,000 மெகாவாட் நிலையம் முழுவீச்சில் ஒரு நாள் ஓட 14,700 டன், அதாவது நாளொன்றுக்கு 4 ரயில் ரேக் (முழுச் சரக்கு ரயில்). 2021 அக்டோபரில் இந்திய அனல்நிலையங்களின் சராசரி இருப்பு 4 நாள் அளவுக்கு இறங்கியது. பூமிக்கடியில் நிலக்கரி குறையவில்லை. தொற்றுக்குப் பின் தேவை எழுந்தது, மழையில் சுரங்கங்களில் நீர் தேங்கியது, இறக்குமதி நிலக்கரி விலை ஏறியதால் அதை நம்பிய நிலையங்கள் ஓட்டத்தைக் குறைத்தன, அந்தச் சுமையும் உள்நாட்டு நிலக்கரிமேல் விழுந்தது.

1973-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டதற்கு விலைக் கட்டுப்பாடும் ஒதுக்கீட்டு விதிகளும் பெரிய காரணம். பாதி நிறைந்த டேங்கோடு வந்து நிரப்பியவர்களால் பங்க் இருப்பு கார் டேங்குகளுக்கு இடம்மாறியது. 1974-இல் தொடங்கிய சர்வதேச எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகளுக்கு 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான இருப்பு வேண்டும் என்று வைத்தது இந்தக் காலக்கணக்கால்தான்.

ஐரோப்பாவில் 2022-இல் நடந்தது விலை வழியாக வந்தது. சந்தையில் கடைசியாக ஓட வேண்டிய, விலை மிகுந்த நிலையத்தின் செலவே எல்லோருக்கும் விலை. எரிவாயு மெகாவாட்-மணிக்கு 100 யூரோ, நிலையத் திறன் 50 சதவீதம் என்றால் மின்சாரம் 200 யூரோ, கார்பன் கட்டணம் தனி. காற்றாலை மின்சாரமும் அதே விலைக்கு விற்கும். அந்த ஆகஸ்டில் எரிவாயுவே 300 யூரோவைத் தாண்டியது. அதே கோடையில் பிரான்சின் அணு உலைகளில் ஏறத்தாழ பாதி, பராமரிப்புக்காகவும் குழாய் அரிப்புச் சோதனைக்காகவும் நின்றிருந்தன.

இலங்கையில் குறைந்தது டாலர். உலகச் சந்தையில் எண்ணெய் இருந்தது, வாங்க அந்நியச் செலாவணி இல்லை. வாராந்தர க்யூஆர் ஒதுக்கீடு வரிசையைக் குறைத்தது, ஆனால் அது இருந்த எரிபொருளைப் பகிரும் முறை மட்டுமே. அங்கே மெகாவாட் கூட்டப் புதிய டீசல் நிலையம் கட்டியிருந்தால் டாலர் தேவைதான் கூடியிருக்கும்.