ஒரே ஆள், போனிலை ஏழு பேராக் காட்டுது - ஆரும் உதவுங்கோ

பரந்தன்_சந்தி:
அவசரம். ஏஃபெக்ஸ் ட்வின் எண்ட இலத்திரனியல் இசைக்காரற்றை ஆல்பம் எல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறன். ஒரே ஆள்தான், ஆனா ஏழு பேராப் பிரிச்சுக் காட்டுது. ஒரு பேருக்குக் கீழை எப்பிடிக் கொண்டாறது?

கனகராயன்:
என்ன போன்? எந்தப் பிளேயர்? எம்பி3யா ஃப்ளாக்கா? திருத்தக் கொம்பியூட்டர் இருக்கோ?

முறிகண்டி_கச்சான்:
ஐடி3 (எம்பி3க்குள்ளை பாட்டு, ஆள், ஆல்பம் பேரெல்லாம் எழுதி வைக்கிற முறை) பதிப்புப் பிரச்சினைதான். 2.4 இலை எழுதியிருப்பியள், 2.3 ஆக்குங்கோ.

குளக்கட்டு:
தேடிப் பாக்கப் பஞ்சி, உடனை புது இழை. தம்பி, பிளேயரிலை பிழை இல்லை. அந்த மனுசன் அப்பிடித்தான் வெளியிட்டவர். 1993 இலை வந்த 'சர்ஃபிங் ஒன் சைன் வேவ்ஸ்' பொலிகன் விண்டோ எண்ட பேரிலை. அனலொக் பபிள்பாத் வரிசையிலை முதலாவது ஏஃபெக்ஸ் ட்வின், மூண்டாவது ஏஎஃப்எக்ஸ். கோஸ்ரிக் விண்டோ, பவர்-பில் எண்டு இன்னும் கிடக்கு. பாட்டைக் கேக்க முதல் உறையை வாசியுங்கோ.

இரணைமடு:
அண்ணை, பேச்சு வேண்டாம். பிக்காட் எண்ட, பாட்டு விபரத்தை மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலை பாத்துத் திருத்துற மென்பொருளிலை ஆர்ட்டிஸ்ட் பேரைத் தரப்படுத்துற தெரிவு இருக்கு, அதை அமத்திவிட்டாச் சரி.

கனகராயன்:
சரிவராது. 'தி ஏஃபெக்ஸ் ட்வின்' எண்ட மாதிரி எழுத்து வித்தியாசத்தைத்தான் அது திருத்தும். மியூசிக்பிரெய்ன்ஸிலை ஏஎஃப்எக்ஸ் தனி ஆள்.

விண்டோஸ் எண்டா எம்பி3டேக் எண்ட, பாட்டு விபரம் திருத்துற மென்பொருளைப் போடுங்கோ. முதல் முழு ஃபோல்டருக்கும் ஒரு கொப்பி. பிறகு அவற்றை ஃபைல் எல்லாத்தையும் தெரிவு செய்து, இடப்பக்கத்திலை 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' பெட்டியிலை மட்டும் ஏஃபெக்ஸ் ட்வின் எண்டு அடிச்சு கன்ட்ரோல் எஸ். 'ஆர்ட்டிஸ்ட்' பெட்டியிலை 'கீப்' எண்டு கிடக்கும், தொடாதேங்கோ. அதையும் ஒண்டாக்கினா எது ஏஎஃப்எக்ஸ், எது கோஸ்ரிக் விண்டோ எண்டு பிறகு பிரிக்கேலாது. எம்பி3க்குள்ளை ஆர்ட்டிஸ்ட் டிபிஇ1, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் டிபிஇ2. ரெண்டும் வேறை இடம்.

'26 மிக்ஸஸ் ஃபோர் காஷ்' (2003) இருந்தாக் கவனம். அது பெரும்பாலும் மற்றவையின்ரை பாட்டுக்குச் செய்த ரீமிக்ஸ். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் வெறுமையாக் கிடந்தாத் துண்டு துண்டாச் சிதறும்.

கடைசியா, பிளேயர் செற்றிங்ஸிலை ஆல்பம் ஆர்ட்டிஸ்டாலை அடுக்கச் சொல்லோணும். சில பிளேயரிலை அந்தத் தெரிவே இல்லை, அதுதான் என்ன பிளேயர் எண்டு கேட்டனான்.

குளக்கட்டு:
'த டஸ்' எண்ட பேரிலை அவர் விட்டதையும் அதுக்குள்ளை தள்ளப் போறியளோ? 2007 இலை வரேக்கை அதிலை அவற்றை பேரே இல்லை. ஒளிச்ச பேரை ஒளிச்சபடி விடோணும்.

இரணைமடு:
அவர்தான் எண்டு பிறகு ஊருக்கே தெரிஞ்சிட்டுது. 2015 இலை சவுண்ட்க்ளவுட் இணையத்தளத்திலை 'யூசர்18081971' எண்டு நூறுக்கு மேலை பாட்டு ஏத்தினவர். அது பிறந்த திகதி. அதுக்கும் தனி ஆளோ?

குளக்கட்டு:
ஓம், தனி ஆள்தான். ஒரு பேர் ஒரு வேலைக்கு.

இரணைமடு:
அப்ப உங்கடை போனிலை முப்பது பேர் இருப்பினம்.

பரந்தன்_சந்தி:
போனிலை சரி வந்திட்டுது. ஆனா பென் டிரைவிலை ஏத்தி ஓட்டோ செற்றிலை குத்தினா ஒழுங்கு குழம்புது. முல்லைத்தீவு றோட்டிலை ஓடிக்கொண்டு எத்தினை தரம் மாத்துறது?

கனகராயன்:
ஓட்டோ எண்டு இப்பதானே சொல்லுறியள்! மலிவுச் செற் கனக்க ராக் நம்பரைப் பாக்காது, பேரையும் பாக்காது. பென்னிலை எந்த ஃபைல் முதல் எழுதுப்பட்டதோ அதைத்தான் முதல் பாடும். பென்னை ஃபாட்32 ஆ ஃபோர்மட் பண்ணி, ஃபைல் பேருக்கு முன்னாலை 01, 02 போட்டு, ஒவ்வொரு ஃபோல்டராக் கொப்பி பண்ணுங்கோ. எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்துப் போட்டா ஒழுங்கு மாறலாம். மாறினா ஃபாட்சோர்ட் எண்ட சின்ன மென்பொருளை ஒருக்கா ஓட விடுங்கோ, ஃபைலைத் தொடாமல் அட்டவணையை மட்டும் அடுக்கும்.

முறிகண்டி_கச்சான்:
பேர் வெறுமையாத் தெரிஞ்சா ஐடி3 2.3, எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-16 எண்டு மாத்துங்கோ. பழைய செற் கனக்க 2.4 வாசிக்காது. நான் அப்பவே சொன்னனான்.

குளக்கட்டு:
போனுக்கெல்லோ சொன்னனீர்.

பரந்தன்_சந்தி:
பாடுது. டஸ்ஸைத் தனியா விட்டிட்டன். நன்றி எல்லாருக்கும்.

கனகராயன்:
பிளேயர் என்னெண்டு கடைசிவரை சொல்லேல்லை.