ஜனவரி 26 கார்டுல டெல்லி செங்கோட்டை எதுக்கு?

குண்டாறு: முந்தாநாள் ஒருத்தர் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புல எழுதியிருந்தாரு, "குடியரசு தினத்துக்கு மொபைல்ல ஒரு வாழ்த்து கார்டு தட்டிவிட்டாப் போதும், படம் எதுவா இருந்தா என்ன, மனசுதான் முக்கியம்"னு. படிச்சதுலருந்து எரிச்சலா வருது. காலைல எனக்கு வந்த கார்டு பூரா டெல்லி செங்கோட்டை. அது ஆகஸ்ட் 15க்கு உள்ளது வே! பிரதமர் கொடி ஏத்துற இடம். ஜனவரி 26ன்னா ஜனாதிபதி, கர்த்தவ்ய பாதை, 2022 வரைக்கும் ராஜபாதைன்னு இருந்துச்சே, அந்த ரோடு. இதுகூட தெரியாதவனுக்கு வாழ்த்து என்ன வேண்டிக்கிடக்கு?

புளியரைக்காரன்: அந்த ஒருத்தர் நான்தான் அண்ணாச்சி, பேரைச் சொல்லியே திட்டலாம். பேப்பர் கார்டு இருந்த காலத்துல பொங்கலுக்கு அனுப்புனோம், தீபாவளிக்கு அனுப்புனோம், குடியரசு தினத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டி யாராச்சும் அனுப்புனாங்களா? போன் வந்த பொறவுதான புனலூர்ல இருக்க மாமா, துபாய்ல இருக்க தம்பி எல்லாருக்கும் அன்னிக்கு ஒரு வார்த்தை போகுது. அதுல போய் கோட்டை குளம்னு பாக்கீரு.

ஆரியங்காவு மணி: ஒரு சின்ன கேள்வி. ஜனவரி 26 அணிவகுப்பு விஜய் சவுக்குல கிளம்பி வழக்கமா எங்க போய் முடியும்? செங்கோட்டைலதான். அப்போ அந்தப் படம் போட்டா என்ன தப்பு?

குண்டாறு: முடியுற இடமும் நடக்குற இடமும் ஒண்ணா? ஊர்வலம் மாப்பிள்ளை வீட்ல முடியுதுன்னு தாலி கட்டுனதும் அங்கதான்னு சொல்லுவீரா? செங்கோட்டை ஆகஸ்ட் 15. அவ்வளவுதான்.

ஆரியங்காவு மணி: 1950ல முதல் அணிவகுப்பு இர்வின் ஸ்டேடியத்துல நடந்துச்சு. ராஜபாதைல நிலையா நடக்கது 1955லருந்துதான். அதுபோக, 1947ல நேரு செங்கோட்டைல கொடி ஏத்துனது ஆகஸ்ட் 16, 15 இல்ல. இப்ப என்ன சொல்லுதீரு?

குண்டாறு: 47ஐ யாரு கேட்டா? நான் கேக்கது இந்த வருஷத்து கார்டை. தென்காசி பக்கத்துல செங்கோட்டைன்னே பேரு உள்ள ஊர்க்காரன் எனக்கே செங்கோட்டையைப் பத்தி பாடம் எடுக்க வந்துட்டாரு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இருந்துக்கிட்டு.

கண்ணுபுளிமெட்டு: கோட்டையை விடுங்கப்பா. எனக்கு வந்த கார்டுல கொடியோட வெள்ளைப் பட்டைலயே ரோஸ் கலர்ல "ஹேப்பி ரிபப்ளிக் டே"ன்னு எழுதி, கீழ பச்சைல ஒரு ஜவுளிக்கடை போன் நம்பர். சக்கரத்தைப் பெருசு பண்ணி எண்ணுனேன், 16 ஆரம்தான் இருக்கு, 24 இருக்கணும். கொடி மேல எழுத்தே இருக்கக் கூடாதுன்னு தேசியக் கொடியை அவமதிக்கக் கூடாதுங்கற 1971 சட்டத்துலயும் இருக்கு, 2002 கொடி விதிலயும் இருக்கு. அதைக் கேக்க ஆளில்ல.

குண்டாறு: அதுவும் தப்புதான், ஆனா முதல் தப்பு செங்கோட்டை.

தென்காசி டீச்சர்: அண்ணாச்சி, இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. "உங்க பேரை டைப் பண்ணுங்க, கொடியோட வாழ்த்து வரும்"னு லிங்க் வருது, சிலதுல ஏபிகேன்னு போன்ல ஆப் ஏத்துற ஃபைலே வருது. அதை இன்ஸ்டால் பண்ணுனா போன்ல வார ஓடிபி வரைக்கும் அவன் கைக்குப் போயிரும். பெரியவங்க கொடியைப் பாத்ததும் நம்பி அமுக்கிடுதாங்க. தெரியாத லிங்க்கை தயவுசெஞ்சு யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

புளியரைக்காரன்: டீச்சர் என்னையச் சொல்லுதீங்களா? நான் அனுப்பினது வெறும் படம்.

தென்காசி டீச்சர்: உங்களைன்னு நான் எங்க சொன்னேன் தம்பி?

புளியரைக்காரன்: சொல்லாமச் சொன்னா புரியாதா என்ன. சரி, அண்ணாச்சிக்கு கோவம் கோட்டை மேல இல்ல. போன நவம்பர் 1க்கு மணி கேரளப்பிறவி, அதான் கேரள மாநிலம் உருவான நாள் கார்டு போட்டாரு, அன்னிக்கே குரூப்பை விட்டுப் போனவருதான இவரு.

குண்டாறு: ஆமா போனேன். 1956 நவம்பர் 1ல நம்ம ஊரு செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சிலருந்து, அப்போ மெட்ராஸ் மாநிலமா இருந்த தமிழ்நாட்டோட சேந்துச்சு, அதுக்கு ஒரு கார்டு உண்டா? வாஞ்சிநாதன் பொறந்த ஊரு, மணிமண்டபம் இருக்கு. அந்தப் படத்தைப் போட ஒருத்தனுக்கும் தோணல, டெல்லி கோட்டையை மட்டும் இறக்குமதி பண்ணுதானுவ.

ஆரியங்காவு மணி: எங்க ஊருக்கு அது கேரளப்பிறவி நாள்தான், அனுப்பத்தான் செய்வேன். அணிவகுப்பு எங்க முடியுதுன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

குண்டாறு: பதில் சொல்லியாச்சு, திருப்பிப் படியும். செங்கோட்டை ஆகஸ்ட் 15.

கண்ணுபுளிமெட்டு: சக்கரத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல பாத்தீங்களா.

புளியரைக்காரன்: இவ்வளவு சுத்தம் பாக்க அண்ணாச்சிதான் கோயில் கொடை நோட்டீஸ்ல எங்க அப்பா பேரை விட்டுப்புட்டு அச்சடிச்சாரு.

குண்டாறு: நோட்டீஸ் அடிச்சது கமிட்டி, நான் இல்ல. அதை இங்க இழுக்காத. ஆகஸ்ட் 15க்கு செங்கோட்டை போட்டு அனுப்பு, முதல் ஆளா நானே எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணுதேன்.

ஆரியங்காவு மணி: அப்போ 16ந்தேதி அனுப்பச் சொல்லும், நேரு ஏத்துன அன்னிக்கு.

குண்டாறு: ஓய் மணி, உம்ம நம்பரை இப்பவே பிளாக் பண்ணுதேன்.