மறுமொழி: அட்ஹியரன்ஸ் – ‘இணக்கம்’ வேண்டாம், ‘கடைப்பிடிப்பு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளர்களுக்கான வினாத்தாளைத் தமிழாக்கும்போது நான் கேட்ட ‘அட்ஹியரன்ஸ்’ (மருந்தையும் உணவுமுறையையும் நோயாளி விடாமல் பின்பற்றுவது) என்ற சொல்லுக்கு இதுவரை இணக்கம், மருந்தொழுக்கம், பத்தியம் என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் எங்கள் ஆலோசனை அறையில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> இணக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, அது கம்ப்ளையன்ஸுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். மருத்துவர் சொன்னதை நோயாளி கேட்டாரா, இல்லையா என்பதே அதன் அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை அட்ஹியரன்ஸை வரையறுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தது. மருந்து, உணவு, வாழ்க்கைமுறை ஆகியவற்றில் ஒருவர் நடந்துகொள்வது, மருத்துவரோடு சேர்ந்து அவரும் ஒப்புக்கொண்ட பரிந்துரையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கச் சொன்னது. அந்த ஒப்புக்கொள்ளல் இல்லையென்றால் நாம் பேசுவது வேறு பொருள். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளர்களிடம் இது சராசரியாக 50 சதவீதம்தான் என்றதும் அதே அறிக்கைதான். இத்தனை பேரையும் ‘இணங்காதவர்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மருந்தொழுக்கம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு வேளை மாத்திரை தவறியவர் ஒழுக்கம் தவறியவர் ஆகிவிடுவார். ஏற்கெனவே எங்கள் முன் உட்கார்ந்து கூசுகிறவர்கள் அவர்கள். கூச்சம் வந்தால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ‘தினமும் போடுறேன்’ என்றுதான் பதில் வரும். வினாத்தாளே வீணாகும்.

பத்தியம் பற்றிச் சித்த மருத்துவர் அம்மா எழுதியது உண்மை. அதைவிட மக்களுக்கு நெருக்கமான சொல் கிடையாது. ஆனால் பத்தியத்துக்கு ஒரு முடிவு உண்டு; பிறகு மறுபத்தியம், அதன்பின் வழக்கமான சாப்பாடு. சர்க்கரைக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. ‘பத்தியம்’ என்று சொன்னதும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘எத்தனை நாளைக்கும்மா?’

என் பரிந்துரை கடைப்பிடிப்பு. அன்றாடச் சொல் என்பதால் மட்டும் அல்ல. பழைய அகப்பொருள் இலக்கண உரையான இறையனார் களவியல் உரை ஆடவர்க்குச் சொல்லும் நான்கு குணங்கள் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி. ஓர்ப்பு என்பது ஒன்றை ஆராய்ந்து உணர்வது. கடைப்பிடி என்பது கொண்ட பொருளை மறவாமை. தாமே கொண்டதை மறவாமை என்று கவனியுங்கள், பிறர் இட்டதை அல்ல. ஆடவர்க்கு மட்டும் என்ற வரம்பை இன்று விட்டுவிடலாம். 2003 வரையறை தேடிய ஒப்புதல் இந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது.

> கடைப்பிடி என்றால் ஏவல் போல ஒலிக்காதா?

ஒலிக்கும். ‘மாத்திரையைக் கடைப்பிடி’ என்று யாரோ அதட்டுவது போல இருக்கும். அதனால்தான் பெயர் வடிவமாகக் ‘கடைப்பிடிப்பு’ என்கிறேன். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நீங்கள் சொன்னது சரி.

அதைவிட முக்கியமானது எதிர்ச்சொல். உடல்நல உளவியலில் கடைப்பிடிக்காமல் போவதை இரண்டாகப் பிரிப்பார்கள்: வேண்டுமென்றே விடுவது, விரும்பாமலே விட்டுப்போவது. ஆய்வாளர் ராப் ஹார்ன் முதலானோரின் ஆய்வுகள் முதல் வகையில் இரண்டு எண்ணங்களைத் தராசில் வைக்கின்றன. ‘இந்த மருந்து எனக்குத் தேவையா’ என்பது ஒரு தட்டில், ‘இது என்னை என்ன செய்யுமோ’ என்ற கவலை மறுதட்டில். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைப் புரட்டும்போதும், ‘தொடர்ந்து போட்டால் கிட்னி போயிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போதும் கவலைத் தட்டு இறங்குகிறது. தலை சுற்றினால்தான் பிரஷர் இருக்கிறது என்று நம்புகிறவருக்கோ தேவைத் தட்டு மேலே போய்விடுகிறது. இது ஓர்ப்பில் வரும் சிக்கல். பேசித்தான் தீர வேண்டும். இரண்டாம் வகைக்கு அத்தனை பேச்சு தேவையில்லை. ‘காலையில் பல் தேய்த்ததும் மாத்திரை’ என்பதுபோல், இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடும் உத்தியை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கி எழுதினார். மறதிக்கு அது உதவும், பயத்துக்கு உதவாது.

இந்த இரண்டுக்கும் நாம் சொல் தேடவே வேண்டியதில்லை. நோயாளிகளே வைத்திருக்கிறார்கள். ஒருவர் ‘மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்கிறார். இன்னொருவர் ‘மாத்திரை தவறிப்போச்சு’ என்கிறார். எனவே முதலாவது நிறுத்தல், இரண்டாவது தவறல். ‘வேண்டுமென்றே கடைப்பிடியாமை’ என்று நீட்டி எழுதினால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வந்த மாத்திரை அட்டையிலேயே இருந்தால், அது நின்றதா தவறியதா என்று கேட்க நமக்குச் சொல் வேண்டும்.

வினாத்தாளில் வைக்க இரண்டு வரி எழுதியிருக்கிறேன்:

‘கடந்த ஏழு நாளில் மாத்திரை தவறிய நாள் எத்தனை?’
‘நீங்களாகவே யோசித்து நிறுத்திய நாள் எத்தனை?’

இரண்டாவதில் ‘யோசித்து’ குத்துகிறதா, இயல்பாக இருக்கிறதா? உங்கள் வீட்டில் மாத்திரை போடுகிறவர் யாரிடமாவது படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது.