1916 டப்ளின் பிரகடனம்: மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி (கடலூர் முதுநகர்)

வணக்கம். புதுச்சேரியில் பள்ளி மாணவர்களுக்காகத் துண்டறிக்கைகள் பற்றிய கண்காட்சி ஒன்று ஏற்பாடாகிறது. அயர்லாந்துப் பகுதிக்கு, 1916 ஈஸ்டர் எழுச்சியின் (ஆங்கில ஆட்சிக்கு எதிரான டப்ளின் கிளர்ச்சி) பிரகடனத்தை டிரெடிலில் (காலால் மிதித்து ஓட்டும் சிறு அச்சு இயந்திரம்) அடித்துக் காட்டத் திட்டம். படங்களில் பார்த்தால் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் உள்ள இடைவெளி பிரதிக்குப் பிரதி மாறுகிறது. ஆங்கிலச் சிறிய 'இ' (e) எழுத்து இரண்டு விதமாக இருக்கிறது. அவசரத்தில் நேர்ந்த கவனக்குறைவா? நம் டிரெடிலில் இதை எப்படி அடிப்பது? 1919க்குப் பிறகு வந்த அறிக்கைகளும் இப்படித்தான் அச்சானவையா?

பதில் 1 (அச்சுக்கோப்பு)

கவனக்குறைவு இல்லை ஐயா, எழுத்துப் பஞ்சம். ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, டப்ளினில் தொழிற்சங்கக் கட்டிடமான லிபர்ட்டி ஹாலில் வேலை நடந்தது. ஈய எழுத்துகளைக் கோத்தவர்கள் மைக்கேல் மொல்லாய், லியம் ஓ'பிரையன். இயந்திரத்தில் கிறிஸ்டஃபர் பிரேடி. இருந்த எழுத்து போதாமல் வெஸ்ட் என்ற அச்சகக்காரரிடம் கடன் வாங்கினார்கள். அதுவும் முழுத் தாளுக்குப் போதவில்லை. மேல் பாதியைக் கோத்து அடித்துவிட்டு, அதே எழுத்துகளைப் பிரித்துக் கீழ்ப் பாதிக்குக் கோத்து, அதே தாள்களை மறுபடி இயந்திரத்தில் விட்டார்கள். இரண்டாம் முறை தாள் சற்று நகர்ந்தாலும் இடைவெளி கூடும், குறையும். நீங்கள் படத்தில் பார்த்தது அதுதான்.

ஆங்கிலத்தில் அதிகம் செலவாகும் எழுத்து 'இ'. நம் கேஸில் (எழுத்துப் பெட்டியில்) 'ம்' முதலில் தீர்ந்துபோவது போல. தீர்ந்ததும் வேறு வார்ப்பு 'இ'க்களைக் கலந்து கோத்தார்கள். தலைப்பில் இன்னும் அருமையான வேலை இருக்கிறது: 'எஃப்' (F) எழுத்துக்கு அரக்கு ஒட்டி 'இ' (E) ஆக்கியிருக்கிறார்கள். மாணவர்களுக்குக் கண்டிப்பாக இதைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

2,500 பிரதி அடிக்க நினைத்து, ஏறக்குறைய 1,000 தான் முடிந்தது. பழைய வார்ஃப்டேல் இயந்திரம் மையைச் சீராகப் பூசாததால் ஒரு வரி அப்பியும் ஒரு வரி மங்கியும் விழுந்திருக்கும்.

மூலத்தாள் டபுள் கிரவுன், 20×30 அங்குலம். டிரெடில் சேஸ் (எழுத்தைப் பூட்டும் இரும்புச் சட்டம்) 10×15 என்றால் நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி, கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு பாதியும் 10×7½. முதல் பாதியை அடித்ததும் உடனே இரண்டாவதை அடிக்காதீர்கள். மை உலராத தாளை அடுக்கினால் மேல் தாளின் முதுகில் ஒட்டும். தாள் முட்டி நிற்கும் ஊசிகளை இரண்டு ஓட்டத்துக்கும் இடம் மாற்றாதீர்கள். கீழ்ப் பாதியின் இடத்தைச் சேஸுக்குள்தான் சரிசெய்ய வேண்டும். தாளின் அதே விளிம்பு அதே ஊசியில் முட்டவேண்டும், திருப்பிவிட்டால் போச்சு.

பதில் 2 (சைக்ளோஸ்டைல்)

கடைசிக் கேள்விக்கு: அயர்லாந்துக் குடியரசுத் தரப்பின் முக்கியமான ஏடான 'ஐரிஷ் புல்லட்டின்' ஈய எழுத்தில் கோத்தது இல்லை. தட்டச்சில் ஸ்டென்சில் (மெழுகுத் தாள்) வெட்டி, சைக்ளோஸ்டைல் உருளையில் எடுத்தது. 1919 நவம்பர் 11இல் தொடங்கி வாரத்துக்கு ஐந்து இதழ். டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஃபிராங்க் கல்லாகர், எர்ஸ்கின் சைல்டர்ஸ் பொறுப்பில் இருந்தார்கள். அதன் பலம் வசைபாடாததில் இருந்தது. எங்கே சோதனை, யார் கைது, என்ன தேதி என்று பட்டியல் போட்டு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் சரிபார்த்தால் சரியாக இருக்கவேண்டும்.

1921 மார்ச் இறுதியில் ஆங்கிலப் படையினர் அலுவலகத்தைப் பிடித்துக் கருவிகளை எடுத்துக்கொண்டு, அதே தலைப்பில் போலி இதழ்கள் விட்டார்கள். அசல் இதழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்ததால் போலி நிலைக்கவில்லை.

செய்து காட்ட விரும்பினால்: தட்டச்சின் மை ரிப்பனை விலக்கிவிட்டு, ஸ்டென்சிலில் நேராகத் தட்டவேண்டும். 'ஓ' (o) போன்ற வட்ட எழுத்துகளில் ஓங்கித் தட்டினால் நடுத்துண்டு கழன்று, வட்டத்துக்குப் பதில் கரும்புள்ளி விழும். தாள் மை உறிஞ்சுவதாக இருக்கட்டும். ஸ்டென்சிலில் சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் எல்லாப் பிரதியிலும் கோடு வரும், திருத்த வழியில்லை.

பதில் 3 (பாகூர்)

புதுச்சேரி அச்சு பற்றிய விளக்கப் பலகை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், ஆனால் இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். பாரதியின் 'இந்தியா' 1908இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது. இங்கே பிரெஞ்சு ஆட்சி என்பதால் ஆங்கில அரசு அச்சகத்தில் கைவைக்க முடியவில்லை. அடித்ததை எல்லை தாண்டி வாசகரிடம் சேர்ப்பதுதான் பாடு. ஆங்கில இந்தியாவுக்குள் வரத் தடை விழுந்ததும் 1910இல் ஏடு நின்றது. டப்ளினில் தலைகீழ்: வாசகர் தெருவிலேயே இருந்தார், அடிக்கும் இடத்தைத்தான் மறைக்கவேண்டியிருந்தது. பாரதி 1918 நவம்பரில் எல்லை தாண்டியபோது கடலூரில் கைதானதையும் சேர்த்தால், பாகூர் பிள்ளைகளுக்கு எல்லை என்றால் என்னவென்று சட்டென்று புரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. மேல் பாதியை முதல் நாளே அடித்துக் காயவைத்துவிடுகிறோம். வழவழப்பான ஆர்ட் தாள் கைவசம் இருக்கிறது, போதுமா?

பதில் 1

வேண்டாம். மூலத்தாளே மட்டமான ரகம், அதில்தான் அந்தச் சமமில்லாத கறுப்பு வரும். ஆர்ட் தாளில் மை மேலேயே நின்று, பிள்ளைகள் தொட்டால் கையோடு வந்துவிடும். பழுப்பேறிய நியூஸ்பிரிண்ட் பாருங்கள். கீழ்ப் பாதி மட்டும் விழுந்த தாள் ஒன்றும் தனியாக வையுங்கள். லிபர்ட்டி ஹாலுக்குள் புகுந்த ஆங்கிலப் படையினர் இயந்திரத்தில் அந்தப் பாதி அப்படியே பூட்டியிருந்ததைக் கண்டு, நினைவுக்காகச் சில பிரதிகள் எடுத்துக்கொண்டார்கள். மேல் பாதியின் எழுத்துதான் ஏற்கெனவே பிரிந்துபோயிருந்ததே.