கீரிமலைக்கு ஒரு நாள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். வருகிற ஞாயிறு அம்மம்மாவைக் கீரிமலைக்குக் கூட்டிப்போக யோசிக்கிறோம். நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, மாவிட்டபுரம் கந்தனையும் பார்க்க ஆசை. கீரிமலையில் நீராடிக் குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் அவர்.

கேணியில் ஒரு முழுக்காவது போடவேண்டுமாம். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுவது அவருக்கு இன்னும் அதிசயம்தான். ஆனால் முழங்கால் வருத்தம். பெண்களின் கேணியில் படிகள் வழுக்குமா? பிடித்து இறங்கக் கம்பி இருக்கிறதா? போன முறை ஆடி அமாவாசைக் கூட்டத்தில் எட்டிப் பார்க்கவே முடியவில்லை.

பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரை ரயிலில் போய் ஓட்டோ பிடிப்பது சரிவருமா, இல்லை நேரே பஸ்தான் நல்லதா? பின்னேரம் அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை வந்திறங்கியதாகச் சொல்லும் மாதகல் சம்பில்துறைக்கும் போகலாம் என்கிறான் தம்பி. ஒரே நாளில் ஏலுமா?