வால்ட்ஸில் ஸ்பின் டர்ன் எங்களுக்கு வசப்பட்ட விதம்

ஆணும் பெண்ணும் சேர்ந்து மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஆடும் மேற்கத்திய நடனம் வால்ட்ஸ். அதை ஆடும் ஜோடியைப் பார்க்கிறவர்கள், ஆண்தான் பெண்ணைச் சுழற்றுகிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வலப்பக்கமாகச் சுழன்று திரும்பும் நேச்சுரல் ஸ்பின் டர்ன் என்ற அடிவரிசையைப் பொறுத்தவரை அது சரியல்ல. அந்தச் சுழற்சிக்கு வேகம் கொடுப்பவள் பெண். இதை ஆடப் பழகும் பெண்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் கணவர் பயணிகள் கப்பலில் வேலை பார்க்கிறார். அங்கிருந்த நடன ஆசிரியரிடம் ஓய்வு நேரங்களில் கற்றதை, விடுமுறைக்கு வந்தபோது எனக்குச் சொல்லித்தந்தார். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆடுகளம். வால்ட்ஸ் ஆடுகிறவர்கள் கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றிவர வேண்டும். எங்கள் அறையிலோ கொஞ்சம் நகர்வதற்குள் மூலை வந்து நிற்கும். மூலையில் திரும்புவதற்கு மிகவும் தோதானது ஸ்பின் டர்ன். பெரிய கூடத்தில் பழகுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடலாம், எங்களால் முடியவில்லை.

மொத்தம் ஆறு அடிகள். முதல் மூன்றும் சாதாரண வலப்பக்கத் திருப்பம். நான்காவதில்தான் சோதனை. ஆண் இடதுகாலைப் பின்னே வைத்து, அதன் முன்பாதத்திலேயே அரைவட்டம் திரும்ப வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் கதவு குடுமியில் நின்று திரும்புமே, அப்படி. குடுமி இடம் மாறினால் கதவு சாய்ந்துவிடும். அதே நேரத்தில் பெண் தன் வலதுகாலை அவருடைய இரு பாதங்களுக்கும் நடுவே முன்னோக்கி வைக்க வேண்டும். ஐந்தாவதில் அவர் முன்னே வர, அவள் இடதுகாலைப் பின்வைத்து மெல்ல எழும்ப வேண்டும். ஆறாவதை வைக்கும்போது வட்டத்தில் இன்னும் எட்டில் மூன்று பங்கு திரும்பியிருக்க வேண்டும். வால்ட்ஸின் வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று); அதாவது 84 முதல் 90 அடிகள். யோசித்துக்கொண்டு வைக்க நேரமே கிடையாது.

பல மாலைகள் நான்காவது அடியில் முட்டிக்கொண்டு நின்றோம். அவர் தோளாலும் கையாலும் என்னைத் திருப்பப் பார்த்தார். கை இழுத்தால் இருவருக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது; இடைவெளி விழுந்தால் சுழற்சி செத்துவிடுகிறது.

இதற்கு வழி சொன்னவர் என் மாமியார். கோயில் பாடகர் குழுவில் பல காலம் பாடியவர்; தாளத்தில் கெட்டி. கண்ணை மூடி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மக்களே, நாலாவது அடியில் அவன் கால் சத்தம் கேட்கிறது. உன் கால் சத்தத்தைக் காணோமே" என்றார். கணவர் எப்போது என்னைக் கொண்டுபோவார் என்று நான் விரல்நுனியில் காத்திருந்தேன். அந்த அடியில் பெண்ணின் குதிகால்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். குதிகாலை ஊன்றி, உடம்பின் பாரத்தை அவர் பாதங்களுக்கு நடுவே கொண்டுபோனேன். மொசைக் தரையில் 'டொக்' என்று கேட்டது. அவருடைய வலது இடுப்பு என் வலது இடுப்பை விட்டு அகலாமல் அரைவட்டம் தானாக வந்தது. என் முதுகிலிருந்த அவர் கை அசையவே இல்லை. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

இன்னொன்று, எழும்புவதற்கு அவசரப்படக் கூடாது. அரைவட்டம் முடியும்வரை முழங்கால் தளர்ந்து தாழ்வாகவே இருக்க வேண்டும். ஐந்தாவது அடியின் முடிவில்தான் எழும்ப வேண்டும். முன்கூட்டி எழும்பினால் இருவரும் தள்ளாடுவோம். வலைத்தளங்களில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆணின் அடிகளை மட்டுமே விளக்குவது எனக்கு மிகுந்த வருத்தம். பாதி நடனம் பெண்ணுடையது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஐப்பசியில் தரை வேர்க்கும். நடனக் காலணியின் மெதுதோல் அடிப்பாகம் ஈரம் பட்டால் தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலுக்கு ஆபத்து. தரையைத் துடைத்துக் காயவிட்டு, தோல் உலர்ந்த பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு ஆடுங்கள்.

கொழுந்தனாரின் திருமண வரவேற்பில், தக்கலையில் ஒரு மண்டபத்தில் ஆடினோம். நான்கு மூலைகளிலும் ஸ்பின் டர்ன் தடங்கலின்றி வந்தது. இப்போது இடப்பக்கமாகச் சுழலும் டபுள் ரிவர்ஸ் ஸ்பின் பழகுகிறோம். அதில் ஆண் மூன்று அடி வைப்பதற்குள் பெண் நான்கு அடி வைக்க வேண்டும். நடுவே குதிகாலில் ஒரு திருப்பமும் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் பின்பக்கம் சாயாமல் நிற்கப் பழகியவர்கள் இருந்தால், எப்படிப் பழகினீர்கள் என்று விரிவாக எழுதுங்கள்.