ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்தால் எல்லாம் சரியாகிவிடுமாம்!

கருந்திரை:
"மூன்றே கட்டளை, படுத்த விண்டோஸ் எதுவானாலும் எழுந்துவிடும்" என்று பழையகை என்ற பெரியவர் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விழிபிதுங்கி என்பவர் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறப் போய், கணினி பூட் ஆகவில்லை என்று உதவி கேட்டிருந்தார். பெரியவர் கொடுத்த மருந்து இது: பென்டிரைவில் பூட் செய்யுங்கள், கமாண்ட் பிராம்ப்ட் போங்கள், பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர், பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட், பூட்ரெக் /ரீபில்ட்பிசிடி. அவ்வளவுதானாம்.

2009-ல் இது நல்ல பதில். இன்றைக்கு, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) உள்ள கணினியில், டிஸ்கின் முதல் செக்டாரில் (எம்பிஆர்) இருக்கும் பூட் கோடை யாரும் படிப்பதே இல்லை. ஃபர்ம்வேர் நேராக ஃபேட்32-ல் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போய், அங்கே உள்ள பூட் மேனேஜர் கோப்பைத் தூக்கி ஓட்டுகிறது. யாரும் படிக்காத இடத்தில் ஃபிக்ஸ்எம்பிஆர் எழுதி என்ன பயன்? பூட்டையே மாற்றிவிட்ட வீட்டில் பழைய சாவிக்கு எண்ணெய் போடுகிற வேலை இது. செய்ய வேண்டியது: டிஸ்க்பார்ட் என்ற கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று டிரைவ் எழுத்து கொடுத்து, அதில் பூட் கோப்புகளை எழுத பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ. தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே.

பழையகை:
தம்பி, எக்ஸ்பி ரிகவரி கன்சோலில் ஃபிக்ஸ்எம்பிஆர் தனிக் கட்டளையாக இருந்த காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். விஸ்டாவில் அதைப் பூட்ரெக் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். விண்டோஸ் 11 மீட்புச் சூழலில் இன்றும் இருக்கிறது. பயனில்லாத கட்டளையை மைக்ரோசாஃப்ட் இத்தனை வருடம் ஏன் சுமக்க வேண்டும்? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். ஃபிக்ஸ்எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது. 512 பைட் செக்டாரில் முதல் 446 பைட் கோடை மட்டும்தான் புதிதாக எழுதும். கெடுதல் இல்லாத கட்டளையை அடித்துப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஃபார்மேட்பிரியன்:
ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போடுங்கள். எதற்கு இவ்வளவு பேச்சு?

கருந்திரை:
வந்துவிட்டார். போன முறை இவர் பேச்சைக் கேட்டு ஒருவர் குடும்பப் புகைப்படம் முழுவதையும் இழந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள்.

பழையகை அவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் சுமக்கிற பழைய சாமான்களைப் பட்டியல் போட்டால் விடிந்துவிடும். "இன்னும் இருக்கிறது" என்பது ஒரு காரணமா? கேட்டது ஒன்றுதான். யுஇஎஃப்ஐ-யில் அந்த 446 பைட்டை யார் படிக்கிறார்கள்? ஒரு பெயர் சொல்லுங்கள்.

சில்லு:
ஒரு சின்னக் கேள்வி. விழிபிதுங்கியின் திரையில் என்னதான் வருகிறது? லோகோவோடு நிற்கிறதா, நீலத்திரையா, பூட் டிவைஸ் இல்லை என்கிறதா, நேராகப் பயாஸ் பக்கத்துக்கே போய்விடுகிறதா? பிசிடி (பூட் அமைப்புகளை வைத்திருக்கும் கோப்பு) கெட்டால் பெரும்பாலும் 0xசி000000எஃப் மாதிரி ஒரு எண் வரும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் மோடு மாறியிருந்தால் நீலத்திரையில் இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

டக்ஸ்தாசன்:
கெடுதல் இல்லாத கட்டளையா? பழைய பயாஸ் மோடில் லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவனிடம் வந்து சொல்லுங்கள். லினக்ஸைத் துவக்கும் கிரப்பின் முதல் பகுதி உட்கார்ந்திருப்பதே அந்த 446 பைட்டில்தான். ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்த மறுநொடி கிரப் மெனு போய்விடும். லைவ் பென்டிரைவில் பூட் செய்து, நிறுவிய லினக்ஸுக்குள் நுழைய சிஹெச்ரூட் போட்டு, கிரப்-இன்ஸ்டால் அடித்து மீட்க வேண்டியிருந்தது. அந்த அறிவுரையும் இதே பெரியவர் கொடுத்ததுதான். மறக்கவில்லை.

பழையகை:
டக்ஸ்தாசன், நீங்கள் இரட்டை பூட் வைத்திருப்பதை அன்று சொல்லவே இல்லை. சொல்லாததை நான் எப்படி அறிவேன்? ஆனாலும் ஒன்றுக்கு நன்றி. அந்த 446 பைட்டை யார் படிக்கிறார்கள் என்று கருந்திரை கேட்டார். உங்கள் கிரப் படிக்கிறதே!

கருந்திரை:
அது பயாஸ் மோடு! அவரே முதல் வரியில் எழுதியிருக்கிறார், கண்ணில் படவில்லையா? நான் பேசுவது யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐ. மூன்றாவது முறையும் வேண்டுமா?

இன்னொன்று. நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டாவது கட்டளை, ஃபிக்ஸ்பூட். ஜிபிடி (எம்பிஆருக்குப் பதில் வந்த பார்ட்டிஷன் முறை) டிஸ்கில் அதை அடித்தால் "அணுகல் மறுக்கப்பட்டது" என்று வருவதை இணையம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் கெடுதல் இல்லாதது என்றே சொல்வீர்கள். மறுத்துவிட்ட கட்டளை கெடுதல் செய்யாதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

பழையகை:
மூன்று கட்டளை சொன்னேன், நீங்கள் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள். சரி, அந்த ஒன்றையே பேசுவோம். ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்து எழுந்த கணினிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் கட்டுரையில் படித்திருக்கிறீர்கள். வித்தியாசம் அதுதான்.

விழிபிதுங்கி:
எனக்காக இவ்வளவு பேர் நேரம் செலவழிப்பதற்கு நன்றி. சில்லு கேட்டதற்குப் பதில்: பிழை எண் எதுவும் இல்லை. ஆன் செய்தால் பயாஸ் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதால் 11 போட நினைத்தேன். நம்பகமான நிரல்களை மட்டும் துவக்க விடும் செக்யூர் பூட் வேண்டும் என்று சோதனை நிரல் சொன்னது. பயாஸில் சிஎஸ்எம் என்று ஒன்று இருந்தது. அதை அணைத்தால்தான் செக்யூர் பூட் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அணைத்தேன். அதிலிருந்துதான் இப்படி.

சில்லு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். உங்கள் விண்டோஸ் பழைய பயாஸ் மோடில், எம்பிஆர் டிஸ்கில் நிறுவப்பட்டிருக்கும். சிஎஸ்எம் இருந்தவரை பயாஸ் மாதிரி நடித்து அதை ஓட்டியது. அணைத்ததும் ஃபர்ம்வேர் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடுகிறது, அப்படி ஒன்று டிஸ்கில் இல்லை. எதுவும் கெடவில்லை என்றே தோன்றுகிறது. சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் பழையபடி எழும். உறுதி செய்ய, டிஸ்க்பார்ட் திறந்து லிஸ்ட் டிஸ்க் அடியுங்கள். கடைசியில் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் ஜிபிடி, இல்லாவிட்டால் எம்பிஆர். பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பயாஸில் கை வைத்தால் கேட்கக்கூடும்.

பழையகை:
எம்பிஆர் டிஸ்க்! எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். எம்பிஆர். நான் என்ன கட்டளை சொன்னேன்? ஃபிக்ஸ்-எம்பிஆர். யுஇஎஃப்ஐ யுஇஎஃப்ஐ என்று மேலே குதித்தவர் எங்கே?

கருந்திரை:
இங்கேதான் இருக்கிறேன். மதர்போர்டு யுஇஎஃப்ஐ. சிஎஸ்எம் என்பதே யுஇஎஃப்ஐ-க்குள் இருக்கிற ஒரு பகுதிதான். ஆகவே அது யுஇஎஃப்ஐ கணினி, நான் சொன்னது அப்படியே நிற்கிறது. சிஎஸ்எம் அணைந்திருக்கும்போது நீங்கள் ஆயிரம் முறை ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்தாலும் ஒன்றும் நடக்காது. சிஎஸ்எம் போட்டுவிட்டால் அடிக்கவே தேவையில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் உங்கள் கட்டளைக்கு வேலை இல்லை. இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது?

பழையகை:
டிஸ்க் எம்பிஆர் என்றால் அது எம்பிஆர் கணினி. விண்டோஸ் எந்த மோடில் ஓடியது என்பதுதானே கணக்கு? மதர்போர்டு அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதையா பார்ப்பார்கள்? நீங்கள் கொடுத்த பிசிடிபூட் /எஃப் யுஇஎஃப்ஐ கட்டளையை அவர் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இல்லாத இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று எழுத்து கொடுக்கச் சொன்னீர்களே! அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்.

கருந்திரை:
பிசிடிபூட் பொதுவான அறிவுரை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னது. பேச்சை மாற்றாதீர்கள்.

டக்ஸ்தாசன்:
இரண்டு பேரும் மைக்ரோசாஃப்ட் தோட்டத்துக்குள்ளேயே மல்லுக்கட்டுங்கள். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இதே சிஎஸ்எம்மில் நிம்மதியாக ஓடுகிறது, செக்யூர் பூட் கேட்டு அடம் பிடிப்பதில்லை.

கருந்திரை:
ஓடும், ஓடும். கெர்னல் அப்டேட்டில் பூட் பார்ட்டிஷன் நிரம்பி, துவக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்று, கருந்திரையில் கர்சர் மட்டும் சிமிட்டும் வரை ஓடும். பழைய கெர்னல்களை அழிக்காமல் அப்கிரேட் செய்தவர்கள் இங்கே அழுததெல்லாம் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

டக்ஸ்தாசன்:
2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டில் எஸ்பேட் (பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் பட்டியல்) மாற்றம் வந்து, இரட்டை பூட் வைத்திருந்தவர்களின் லினக்ஸ் பூட் ஆகாமல் போனதையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே யார் யாரைக் கெடுத்தது என்று தெரியும். அதோடு, எங்களிடம் பழைய கெர்னலாவது மெனுவில் இருக்கும். தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும்.

பழையகை:
லினக்ஸை இங்கே இழுக்க வேண்டாம்.

டக்ஸ்தாசன்:
கிரப்பை உதாரணம் காட்டி முதலில் இழுத்தது நீங்கள்தான் ஐயா.

விழிபிதுங்கி:
கணினி எழுந்துவிட்டது! நன்றி, நன்றி. பென்டிரைவில் பூட் செய்து, பழையகை சொன்ன ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்தேன். "வெற்றிகரமாக முடிந்தது" என்று வந்தது. ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸில் சிஎஸ்எம்மையும் திரும்பப் போட்டுவிட்டேன். விண்டோஸ் 10 பழையபடி வந்துவிட்டது. லிஸ்ட் டிஸ்கில் நட்சத்திரம் இல்லை.

பழையகை:
நான் எதுவும் சொல்லப்போவதில்லை. "ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்தேன், எழுந்துவிட்டது." அவர் வாயால் சொன்னது.

கருந்திரை:
"சிஎஸ்எம்மையும் திரும்பப் போட்டுவிட்டேன்" என்ற வரியை வசதியாக விழுங்கிவிட்டீர்களே! சிஎஸ்எம்தான் எழுப்பியது. ஃபிக்ஸ்எம்பிஆர் அங்கே ஏற்கெனவே சரியாக இருந்த கோடின் மேல் அதே கோடை எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்லியிருக்கிறது. அது எப்போதும் வெற்றி என்றுதான் சொல்லும்.

விழிபிதுங்கி, ஓர் உதவி. ஃபிக்ஸ்எம்பிஆர் அடிக்காமல், சிஎஸ்எம்மை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

விழிபிதுங்கி:
மன்னிக்கவும், ஓடுகிறதை மறுபடி நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

பழையகை:
புத்திசாலி.

சில்லு:
சோதனை எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11 இன்னும் வேண்டுமென்றால் அடுத்த படி எம்பிஆர்2ஜிபிடி. 2017-ல் விண்டோஸ் 10-ன் 1703 பதிப்போடு வந்த கருவி, உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்காமல் டிஸ்கை ஜிபிடிக்கு மாற்றும். முதலில் பேக்கப். பிறகு /வேலிடேட் போட்டுச் சோதித்துவிட்டு, தேறினால்தான் /கன்வெர்ட். மாற்றி முடித்த பிறகுதான் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். நீங்கள் முதலில் செய்தது இதற்கு நேர் எதிர் வரிசை.

ஃபார்மேட்பிரியன்:
இதற்கு ஃபார்மேட்டே அடித்திருக்கலாம்.

விழிபிதுங்கி:
/வேலிடேட் தேறவில்லை. மொத்தம் நான்கு பார்ட்டிஷன் காட்டுகிறது: சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, கடைசியில் ரிகவரி.

சில்லு:
நான்கும் பிரைமரியாக இருக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்க இடம் வேண்டும், அதனால் அந்தக் கருவி மூன்று பிரைமரிக்கு மேல் ஏற்காது. ரீஏஜென்ட்சி /டிசேபிள் அடித்தால் மீட்புச் சூழல் சி டிரைவுக்குள் வந்துவிடும், அதன் பிறகு அந்த ரிகவரி பார்ட்டிஷனை நீக்கலாம். கணினியோடு வந்த ஃபேக்டரி ரீசெட் அதில் இருந்தால் அது போய்விடும், யோசித்துச் செய்யுங்கள்.

கருந்திரை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரு திருத்தம் மட்டும். செக்யூர் பூட்டை ஆன் செய்தே ஆக வேண்டும் என்று அந்த வீடியோக்காரர் சொன்னது தவறு. விண்டோஸ் 11-க்கு செக்யூர் பூட்டை ஆதரிக்கும் யுஇஎஃப்ஐ இருந்தால் போதும் என்றுதான் மைக்ரோசாஃப்டின் பட்டியல் சொல்கிறது. டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) வேறு விஷயம், அது கட்டாயம்.

பழையகை:
பார்ட்டிஷனையே நீக்கச் சொல்கிறார்கள், அதற்குத் தலையாட்டுகிறீர்கள். 446 பைட் எழுதச் சொன்ன நான் மட்டும் ஆபத்தானவன். விழிபிதுங்கி, எதை நீக்கினாலும் நீக்குங்கள், பிறகு பூட் ஆகாவிட்டால் என்ன அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

கருந்திரை:
ஜிபிடிக்கு மாற்றிய பிறகுமா ஃபிக்ஸ்எம்பிஆர்? ஜிபிடி டிஸ்கில் முதல் செக்டாரில் இருப்பது பழைய நிரல்கள் டிஸ்க் காலி என்று நினைத்துவிடாமல் இருக்க வைத்த காவல் எம்பிஆர். அதில் பூட் கோடு எழுதி எதை எழுப்பப் போகிறீர்கள்?

பழையகை:
அப்படியானால் அந்த இடத்தில் ஓர் எம்பிஆர் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறீர்கள்.

கருந்திரை:
இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நாளை நான் சொல்லவே இல்லை என்பார்.

டக்ஸ்தாசன்:
அப்படியே என் கிரப் போன அன்று அவர் எழுதியதையும் எடுத்து வையுங்கள். அது இன்னும் அழிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

பழையகை:
நான் எழுதிய எதையும் அழிப்பவன் இல்லை. போய்ப் பாருங்கள், அங்கே உங்களுக்கு முதலில் "நன்றி ஐயா" என்று எழுதியது யார் என்றும் சேர்த்துப் பாருங்கள்.